பதிவேட்டில் போட்ட ஒரு ‘வந்தார்’

சேலத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்து, தேர்வு எழுதி, நன்னடத்தை அலுவலராகச் சேர்ந்து அவருக்கு இன்னும் ஓராண்டு ஆகவில்லை. இளஞ்சிறார் விசாரணைகளும் பார்க்கிறார். நீதிமன்றம் நன்னடத்தைப் பிணையில் விட்ட பெரியவர்களையும் மேற்பார்வை செய்கிறார். அப்படி விடப்பட்டவர்களில் ஒருவன் ஏற்காட்டின் உள்கிராமத்தைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடி இளைஞன், வயது 20. இருசக்கர வாகனத் திருட்டில் குற்றவாளி என்று முடிவாகி, சிறைக்குப் பதிலாக 2 ஆண்டுப் பிணைப்பத்திரத்தில் விடப்பட்டவன். மாதம் ஒருமுறை சேலம் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும் என்பது நிபந்தனை.

நவம்பரிலும் டிசம்பரிலும் அவன் வரவில்லை. “காப்பிப் பழம் பறிக்கிற நேரமுங்க மேடம், ஒரு நாள் விட்டாக் கூலி போயிரும்” என்று போனில் சொல்லியிருக்கிறான். வாசகி இரக்கப்பட்டு இரண்டு மாதமும் பதிவேட்டில் ‘நேரில் வந்தார்’ என்று எழுதிவிட்டார். எழுதியதை அவனிடமும் சொல்லிவிட்டார். டிசம்பரில் அவன் வந்ததாக எழுதிய அதே தேதியில், பட்டப்பகலில், ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் களத்திலிருந்து காப்பி மூட்டைகள் காணாமல் போயிருக்கின்றன. பழைய வழக்கு இருப்பதால் போலீஸ் முதலில் இவன் வீட்டுக்குத்தான் போனது. பயந்துபோனவன், “அன்னைக்கு நான் சேலத்துல மேடத்தைப் பார்க்கப் போயிருந்தேன்” என்று சொல்லிவிட்டான். உதவி ஆய்வாளர் வாசகியைக் கூப்பிட்டு, “வந்தானா இல்லையா? பதிவேட்டை போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போடுங்க” என்கிறார். அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரோ, “எல்லாரும் இப்படித்தான் போடுறோம், அப்படியே விடும்மா” என்கிறார்.

இது போக இன்னும் இரண்டு கேள்விகள். வழக்கில் சிக்கிய, கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் 16 வயதுப் பையன் ஒருவனின் குடும்பம், சூழல் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை எழுதப் போன இடத்தில், பக்கத்து வீடுகளில் விசாரித்ததால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அவன் அம்மா அழுகிறார். மூன்றாவது, வாசகியின் அப்பா இந்த வேலையே வேண்டாம், வங்கித் தேர்வுக்குப் படி என்கிறார். “நான் மேற்பார்க்கிறவன் மறுபடி தப்பு செய்தால் பழி என் மேல் வருமா?” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

முதலில் பதிவேடு. மற்ற இரண்டும் ஒரு வாரம் பொறுக்கும், இது பொறுக்காது.

உண்மையைச் சொன்னால் அந்தப் பையன் மாட்டிக்கொள்வான் என்று நினைக்கிறீர்கள். கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது. நான் பார்க்கும்போது விஷயம் நேர்மாறாக இருக்கிறது. டிசம்பரில் அந்த நாள் காலை அவன் உங்களைக் கூப்பிட்டு, வேறொரு எஸ்டேட்டில் பறிப்பில் நிற்பதாகச் சொன்னான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது நிஜமானால் அவனுக்குச் சாட்சி அங்கேயே இருக்கிறது. பழப் பறிப்பில் சாயங்காலம் எடை போட்டு, ஆளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு எழுதுவார்கள். மேஸ்திரி இருக்கிறார், கூடப் பறித்த பத்துப் பேர் இருக்கிறார்கள். திருட்டு நடந்த நேரத்தில் அவன் இன்னொரு மலைச்சரிவில் கூடையோடு நின்றான் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அந்த ஆதாரத்தைக் கெடுப்பது உங்கள் ‘நேரில் வந்தார்’தான். எஸ்டேட் கணக்கு அவன் மலையில் இருந்தான் என்கிறது. அரசுப் பதிவேடு சேலத்தில் இருந்தான் என்கிறது. இரண்டும் நிஜமாக இருக்க முடியாது. விசாரணை அதிகாரி இரண்டையும் சந்தேகப்படுவார். மேஸ்திரியையும் யாரோ சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததாகவே நினைப்பார். அன்று காலை நீங்கள் இருவரும் பேசிய அழைப்பு ஒன்று போதும், அவன் போன் எந்த டவரில் இருந்தது என்று எடுத்துவிடுவார்கள். அப்போது உங்கள் பதிவும் பொய்யாகும், அவன் சொன்னதும் பொய்யாகும். திருடாதவனாக இருந்தாலும், பொய் சொன்னவன் என்ற பெயரோடுதான் அவன் அந்த வழக்கில் நிற்க வேண்டியிருக்கும்.

அவன் திருடவில்லை என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைத் தீர்மானிப்பது உங்கள் வேலையும் அல்ல. உங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அன்று அவன் உங்கள் அலுவலகத்துக்கு வரவில்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது

பதிவேட்டில் கை வைக்காதீர்கள். அடித்தல், வெள்ளை மை, பக்கம் மாற்றுதல் எதுவும் கூடாது. அவன் கையெழுத்து அந்த இரண்டு வரிகளிலும் இல்லை என்கிறீர்கள், அது நல்லதற்குத்தான். “இப்பக் கூப்பிட்டு ஒரு கையெழுத்து வாங்கிரலாமே” என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மேலதிகாரிக்கு இன்றைய தேதியிட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்ன இரண்டு தேதிகளில் இவர் நேரில் வரவில்லை, தொலைபேசியில் மட்டும் பேசினார், பதிவேட்டில் நேரில் வந்ததாக நான் எழுதியது சரியல்ல, இதைப் பதிவில் சேர்க்கக் கோருகிறேன். இவ்வளவு போதும். அறுவடை, கூலி, இரக்கம் எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடக்குங்கள். நாலு பக்கத்துக்கு விளக்கம் எழுதினால் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வியாகத் திரும்பி வரும். நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.

உதவி ஆய்வாளருக்கு வாட்ஸாப்பில் எதையும் அனுப்ப வேண்டாம். “எழுத்துமூலம் கேளுங்கள் சார், அலுவலகம் வழியாகப் பதில் வரும்” என்று சொன்னால் அது ஒத்துழைக்க மறுப்பதாகாது. எழுத்தில் கேட்டு வந்தபின், திருத்தக் கடிதத்தையும் சேர்த்து, அன்று அவர் வரவில்லை என்று மட்டும் பதில் போகட்டும். அவன் குணம், அவன் நண்பர்கள், வீட்டு நிலவரம் பற்றி நீங்கள் நீதிமன்றத்துக்கு எழுதிய அறிக்கை வேறு வகை. 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு அதை இரகசியம் என்கிறது. நீதிமன்றம் கேட்காமல் அது காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது.

முக்கியமாக, இப்போது அந்தப் பையனைக் கூப்பிட்டு “நீ இப்படிச் சொல்லு” என்று எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் சாட்சியைக் கலைத்ததாகத்தான் முடியும்.

சரி, உங்களுக்கு என்ன ஆகும்? மறைக்காமல் சொல்கிறேன். பொது ஊழியர் ஒருவர், இன்னொருவரைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் எண்ணத்தோடோ, அப்படி ஆகக்கூடும் என்று தெரிந்தோ பதிவேட்டைப் பொய்யாக எழுதினால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 256ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நீங்கள் எழுதிய அன்று இந்த மூட்டைத் திருட்டு உங்கள் மனத்திலேயே இல்லை. அந்த எண்ணம் உங்களுக்கு இருந்தது என்று காட்டுவது எளிதல்ல என்பது என் கருத்து. ஆனால் எல்லாம் தெரிந்த பிறகும் அதே பக்கத்தை உண்மை என்று அத்தாட்சி செய்து அனுப்பினால், அப்புறம் இந்த வாதம் நிற்காது. நீங்கள் இன்று இருக்கும் இடத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு பக்கக் கடிதம்தான்.

துறை நடவடிக்கை வரலாம். நீங்கள் இன்னும் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறீர்கள் என்பதால் பயம் கூடுதலாக இருக்கும். 17-ஏ, 17-பி என்று அலுவலகத்தில் பேசிக் கேட்டிருப்பீர்கள். முன்னது சிறு தண்டனைகளுக்கான நடைமுறை, பின்னது பெருந்தண்டனைகளுக்கானது. தானாக முன்வந்து திருத்தியவருக்கும் பிடிபட்டவருக்கும் எந்த விசாரணை அலுவலரும் வித்தியாசம் பார்ப்பார். அதற்கு மேல் உறுதி தர எனக்கு உரிமையில்லை. “எல்லாரும் இப்படித்தான் போடுறோம்” என்றாரே உங்கள் மூத்தவர், விசாரணை என்று வந்தால் அதே வாக்கியத்தை உங்களுக்காக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

நிபந்தனை மீறினால் நேரே சிறையா?

இந்தத் தவறான எண்ணம்தான் உங்களை அந்தப் பொய்ப் பதிவுக்குத் தள்ளியது. ‘வரவில்லை’ என்று எழுதினால் மறுநாளே அவனை அஸ்தம்பட்டி மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்திருக்கிறீர்கள். சட்டம் அப்படி இல்லை. நன்னடத்தைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மீறல் பற்றி நீதிமன்றத்துக்குத் தகவல் போனால், அது சம்மனோ வாரண்டோ அனுப்பி அவனை வரவழைத்துக் கேட்கும். மீறல் உண்மைதான் என்று கண்டால் பழைய குற்றத்துக்குத் தண்டனை தர அதிகாரம் உண்டு. ஆனால் முதல்முறை மீறலாக இருந்தால், பிணைப்பத்திரத்தை அப்படியே தொடரவிட்டு, ரூ.50க்கு மேற்படாத தொகையைக் கட்டச் சொல்லவும் அதே பிரிவு வழிவைக்கிறது. ஆமாம், ஐம்பது ரூபாய்தான்! 1958இல் எழுதியது.

நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டியது அதற்கு முந்தைய பிரிவு, 8. நிபந்தனை ஒத்துவரவில்லை என்றால் அதை மாற்றித் தரும்படி நன்னடத்தை அலுவலரே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிபந்தனையை மாற்றலாம். மேற்பார்வை இனித் தேவையில்லை என்றால் பத்திரத்தையே முடித்துவைக்கவும் கேட்கலாம். மலைக்கிராமத்திலிருந்து நடந்து வந்து பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டுத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு. நவம்பர் முதல் ஜனவரி, பிப்ரவரி வரை அந்தக் கூலிதான் அந்த வீட்டுக்கு வருஷத்தின் பெரிய வருமானம். பறிப்புக் காலத்தில் நேரில் வருவதற்குப் பதில் மாதம் ஒருமுறை அலுவலர் ஏற்காட்டில் பார்ப்பார் என்று மாற்றித் தரக் கேட்டால், காரணத்தோடு எழுதிய மனுவை நீதிமன்றம் கவனிக்காமல் விடாது. காவல் நிலையத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் தேடப்படுகிற ஆளாக அவனை அது நிரந்தரமாக்கிவிடும்.

மனுவை இப்போதுகூடப் போடலாம். ஆனால் முதலில் திருத்தக் கடிதம், பிறகு மனு. வரிசை மாறினால் பொய்ப் பதிவை மூடத்தான் மனு என்று தோன்றும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவன் மறுபடி குற்றம் செய்தால் நீங்கள் பொறுப்பல்ல. பத்திரம் எழுதிக்கொடுத்தவன் அவன். ஜாமீன்தாரர் இருந்தால் அவரும் பத்திரத்தின் அளவுக்குப் பொறுப்பு. விசாரித்து அறிக்கை தருவது, மேற்பார்ப்பது, வேலை தேட உதவுவது, இழப்பீடு கட்டச் சொல்லியிருந்தால் அதற்கு வழிகாட்டுவது. 14ஆம் பிரிவு உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நல்லெண்ணத்தோடு செய்த காரியங்களுக்கு 16ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. பொய்ப் பதிவை அந்தப் பாதுகாப்புக்குள் நுழைக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இடையில் ஒன்று. நன்னடத்தையில் விடுவது என்றால் விடுதலை என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள், பல சமயம் பையன்களும் அப்படித்தான். விடுதலை அல்ல, குற்றம் செய்தான் என்ற தீர்ப்பு அப்படியே இருக்கிறது, தண்டனை மட்டும் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதே சமயம் அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய தகுதியிழப்பை 12ஆம் பிரிவு நீக்குகிறது. இரண்டையும் அவனுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து சொன்னீர்களா? முதலாவது தெரிந்தால் மாதாந்திரத் தேதியை மறக்க மாட்டான். இரண்டாவது தெரிந்தால் எதிர்காலமே போச்சு என்று விட்டேத்தியாகத் திரிய மாட்டான்.

தெருவுக்குத் தெரிந்துவிட்ட பையன்

படிவத்தில் அக்கம்பக்கம் பற்றிக் கேட்டிருப்பதால்தான் விசாரித்தேன் என்கிறீர்கள். அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்ற உங்கள் கணிப்பு வேண்டும், சரி. அதற்காக நாலு வீட்டு வாசலில் நின்று பையன் பெயரைச் சொல்லிக் கேட்கத் தேவையில்லை. பட்டறைத் தெருக்கள் எப்படி என்று சேலத்துக்காரர்களுக்குத் தெரியும்: திண்ணைக்குத் திண்ணை கொலுசு வேலை, ஒரு வீட்டில் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். கழுத்தில் அடையாள அட்டையோடு ஓர் அலுவலர் போய் நின்றாலே சேதி முடிந்தது.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, விசாரணையில் இருக்கும் சிறாரின் பெயர், முகவரி, பள்ளி என எந்த அடையாளமும் ஊடகத்திலோ வேறு தகவல் வழிகளிலோ வெளியாவதைத் தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். வாசலில் விசாரித்தது நேராக அந்தப் பிரிவுக்குள் வரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலுள்ள கோட்பாடுகளில் அந்தரங்கமும் உண்டு, பழையதை மறந்து புதிதாகத் தொடங்கும் உரிமையும் உண்டு. அவன் குற்றமற்றவன் என்றே கருத வேண்டும் என்பதும் உண்டு. நீங்கள் அறிக்கை எழுதும் கட்டத்தில் அவன் செய்தானா இல்லையா என்று இளைஞர் நீதிக் குழுமம் இன்னும் முடிவே செய்யவில்லை.

அடுத்த முறை அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். “யாரிடம் பேசினால் உங்களுக்குச் சங்கடம் இருக்காது?” என்று அவரையே கேளுங்கள். ஒரு தாய்மாமன், ஒரு டியூஷன் அக்கா, முன்பு படித்த பள்ளியின் வகுப்பாசிரியர் என்று இரண்டு மூன்று பேர் வந்தாலே போதும். பட்டறைக்காரரிடம் வழக்கைச் சொல்லாமலே வேலை நேரம், கூலி, அவன் யாரோடு போய் வருகிறான் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். பொய் சொல்லவும் வேண்டாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்றால் “அலுவல் காரணம்” என்று நிறுத்துங்கள். முதன்முறை ஆஜர்படுத்தியதிலிருந்து 15 நாள்தான் அவகாசம் என்பதால் அவசரப்படுகிறீர்கள், புரிகிறது. ஆனால் பெரியவர்கள் யாராவது அவனைப் பயன்படுத்திக்கொண்டார்களா என்ற கேள்விக்குப் பதில் தெருவில் கிடைக்காது. அவனோடு இரண்டாம் முறை உட்காரும்போதுதான் கிடைக்கும். “நான்தான் எடுத்தேன் மேடம்” என்று அவன் அழுதால், அதை ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி எழுதிவைக்காதீர்கள்.

நடந்ததற்கு அந்த அம்மாவிடம் நேராகப் போய் வருத்தம் சொல்லுங்கள். அந்த வீட்டாருக்கு இப்போது தெரு கூசுகிறது என்பதை அறிக்கையிலும் ஒரு வரி எழுதுங்கள், குழுமத்துக்கு அது தேவையான தகவல்.

வேலையை விடலாமா?

இந்த விவகாரம் முடிவதற்குள் ராஜினாமா வேண்டாம். இப்போது விலகினால் குற்ற உணர்வில் ஓடியதாகத்தான் கோப்பில் நிற்கும். முடிந்தபின் உங்கள் விருப்பம். உங்கள் அப்பா பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. தனியாக மலைக்கிராமத்துக்குப் போகும்போது பயணத் திட்டத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ முதலில் பாருங்கள். மலையில் மூடுபனி இறங்கும் நேரத்துக்கு முன்பே கடைசி வீட்டை முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் வீட்டு விசாரணைக்கு உடன் ஆள் கேட்பது உங்கள் பலவீனம் அல்ல, எழுத்தில் கேளுங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி நீங்கள் பொது ஊழியர். பணியில் இருக்கும்போது உங்களை யாராவது தாக்கினால் அது தனிக் குற்றம்.

வங்கித் தேர்வு எழுதுவதும் தப்பில்லை. ஆனால் கூலி போகிறதே என்று ஒருவனுக்காக யோசிக்கத் தெரிந்த அலுவலர் அதிகம் பேர் இல்லை என்பதை உங்கள் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்த யோசனையைப் பதிவேட்டில் எழுதாமல் மனுவில் எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அந்த இளைஞன் போலீசிடம் தவறாகச் சொன்னதைச் சரிசெய்ய அவனுக்குத் தனி வழக்கறிஞர் வேண்டும், நீங்கள் அல்ல. பழங்குடியினர் என்பதால் வருமானம் பார்க்காமல் அவனுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. சேலம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது 15100க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். எஸ்டேட்டின் எடைக் கணக்கை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை அந்த வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். அங்கே போகச் சொல்வது அவன் பக்கம் சாய்வதாகாது. வழிகாட்டுவது உங்கள் வேலைக்குள் வருவதுதான். பெண் என்ற முறையில் அதே உதவி உங்களுக்கும் உண்டு. திருத்தக் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட நினைத்தால் நீங்களும் போகலாம். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் மட்டும் வேண்டாம்.